சாட்சி ஸ்டூல்

"நான் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது ஏன் மேடம் எழுந்து போனீர்கள்?" என்று பாக்கியநாதன் கேட்டார்.

வக்கீல் ஜரீனா கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

பாக்கியநாதன் கூட்டுறவு வங்கி வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் வக்கீலானவர். தன்னைவிட இளையவரான ஜரீனாவிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தார். நரைத்த தலையைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் அவரைத்தான் முதலில் கும்பிடுவார்கள். மற்ற ஜூனியர்கள் "பெரிய சீனியர்" என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இன்று யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஜூனியர் பேசிக்கொண்டிருக்கும்போது சீனியர் எழுந்து வெளியே போனால், நீதிமன்றத்தில் எல்லோரும் ஜூனியரைத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

விபத்து இழப்பீட்டு வழக்கு. மோட்டார் சைக்கிளில் போய் லாரி மோதி இறந்தவரின் மனைவி கூண்டில் நின்றாள். பாக்கியநாதன் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆஜரானார். அவருடைய முதல் குறுக்கு விசாரணை.

"நாளைக்கு அவள் மகள் சாட்சி சொல்ல வருகிறாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன பெண். அவளையும் நான்தான் விசாரிப்பதா, இல்லை கவுனை மடித்து வைத்துவிடுவதா? அது தெரிந்தால் போதும்."

ஜரீனா தன் அலுவலக அறையின் நடுவே கிடந்த ஸ்டூலைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜூனியர்களுக்கு அங்கே பயிற்சி. ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாட்சியாவார். இன்னொருவர் விசாரிப்பார். கடைசியில் தன் தரப்பை ஒவ்வொன்றாக "என்கிறேன், என்கிறேன்" என்று சாட்சியின் முன் வைப்பார். அதற்கு ஸ்டூலில் இருப்பவர் சரி அல்லது சரியல்ல என்று மட்டும் சொல்லலாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் சரி என்று சொன்னதில்லை.

பாக்கியநாதன் உட்கார்ந்தார்.

"கடைசியில் என்ன வைத்தீர்கள்?"

"உங்கள் கணவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்கிறேன், என்று…"

"உங்கள் கேள்வி வேண்டாம். நீதிபதி அதை எழுதுவதில்லை. பதிவானதைச் சொல்லுங்கள்."

நீதிபதி டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னது அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது.

"என் கணவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்றால் சரியல்ல."

"அப்புறம்?"

"அவர் தினமும் குடிப்பவர் என்றால் சரியல்ல."

"அப்புறம்?"

பாக்கியநாதன் சுவரைப் பார்த்தார்.

"அவர் குடித்துவிட்டு என்னை அடிப்பார், வீட்டுக்கு எதுவும் தரமாட்டார் என்றால்…"

"முடித்துவிடுங்கள், சார்."

"சரியல்ல."

சுவரிலிருந்து பார்வையைத் திருப்பி, "இந்த இடத்தில்தான் நீங்கள் எழுந்து போனீர்கள்" என்றார்.

"அதற்கப்புறம் என்ன நடந்தது?"

படித்துக் காட்டினார்கள். அந்த வரிகளுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். கூண்டிலிருந்து இறங்கிப் போகும்போது பாக்கியநாதனின் அருகில் நின்று ஒன்று கேட்டாள். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னார்.

"இதையெல்லாம் நாளைக்கு எம் பொண்ணுகிட்டயும் கேப்பீங்களா, ஐயா?"

அவர் அப்போது வழக்குக் கட்டுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அந்த மனிதர் குடித்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறதா என்று ஜரீனா கேட்டார். இல்லை. போலீஸ் சொன்னதா? இல்லை. கம்பெனி?

"இல்லை."

"பின்னே யார் சொன்னது?"

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார்.

"உங்கள் பழைய வழக்குக் கட்டுகளைப் படித்தேன், மேடம். விபத்து வழக்கு என்றால் எல்லாவற்றிலும் இந்த மூன்றும் இருக்கின்றன. நான் வரிசையைக்கூட மாற்றவில்லை."



ஜரீனா எழுந்து வந்து ஸ்டூல் அருகே நின்றார். பாக்கியநாதன் எழுந்து விலகினார். ஜரீனா அதில் உட்கார்ந்தார்.

"கேளுங்கள்."

"மேடம், நான் எப்படி…"

"சாட்சியை யாரும் மேடம் என்று கூப்பிடுவதில்லை."

பாக்கியநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் நிற்பதுபோல நின்றார்.

"நான் மோசமாகக் கேட்டதால் எழுந்து போனீர்கள் என்கிறேன்."

"சரியல்ல."

"நாளைக்கு அந்தப் பெண்ணிடமும் இதையே கேட்கச் சொல்வீர்கள் என்கிறேன்."

ஜரீனா தன் கைகளைப் பார்த்தார்.

"சரியல்ல."

இத்துடன் உட்கார்ந்துவிடலாம் என்று பாக்கியநாதனுக்குத் தோன்றியது. ஆனால் இன்னொன்று மிச்சமிருந்தது.

"நான் உங்களைப் போலவே நன்றாகக் கேட்டதால் எழுந்து போனீர்கள் என்கிறேன்."

"சரி" என்றார் ஜரீனா.