வேறு ஆள் கிடைக்கும்வரை

“அம்மா, நான் ஸ்டாப்கேப்பா?”

தருமலிங்கம் இதைக் கேட்டபோது கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலில் படுத்திருந்தார்.

ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற சின்ன ஆசிரமம் அது. அங்கே எல்லாருக்கும் குரு மங்கையர்க்கரசி அம்மாதான். தருமலிங்கத்தைவிட வயதில் இளையவர். இடுப்பெலும்பு முறிந்து அவர் படுத்ததும், அறக்கட்டளைக்காரர்கள் கூடிப் பொறுப்பைத் தருமலிங்கத்திடம் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், நம்பகமான மனிதர்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, தலைவர் ஆவுடையப்பன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது.

“இவர் சும்மா ஒரு ஸ்டாப்கேப். வேற நல்ல ஆள் கிடைக்கட்டும்.”

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்புக்கு விறகு வாங்கக்கூட ஆவுடையப்பனுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

“நீங்கதானே வாத்தியார்,” என்றார் அம்மா. “அதுக்கு என்ன அர்த்தம்?”

“சரியானது கிடைக்கிறவரைக்கும் ஒப்பேத்துறதுக்கு வைக்கிறது. கிடைச்சதும் தூக்கிப் போட்டுடுவாங்க.”

“பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?”

“வாக்கியத்துல அமைச்சுக் காட்டுவேன். ‘பாலம் கட்டுறவரைக்கும் பரிசல் ஒரு ஸ்டாப்கேப்.’”

“பரிசல்ல ஏறினவங்க அக்கரை சேர்ந்தாங்களா?”

“அது வாக்கியத்துல இல்லம்மா.”

அப்போது வாசலில் பேச்சியம்மாள் வந்து நின்றாள். கீழத்தெருக்காரி. சேலையெல்லாம் சேறு.

“சார், கரை உடைச்சுக்கிட்டு வருது. ஒரு ஆளு நுழையுற அகலம் ஆயிடுச்சு. மண்ணு போட்டா கரைஞ்சு ஓடுது. உங்க கிடங்குல நெல்லு மூட்டை இருக்குல்ல, அதைக் குடுங்க.”

“அது வருஷச் சாப்பாடும்மா.”

“தெருவுல பச்சைப் பிள்ளைங்க இருக்கு சார்.”

தருமலிங்கம் போனைக் காதில் வைத்தார். மணி அடிக்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் மழையில் நின்று மறுபடி முயன்றார். டவர் இல்லை. நனைந்தபடியே உள்ளே திரும்பினார்.

“அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எப்படி எடுத்துக் குடுக்க முடியும்?”

“அந்த ஸ்டாப்கேப்பைப் பிரிச்சுச் சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

“ஸ்டாப்னா அடைக்கிறது. கேப்னா…” அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார். “உடைப்பு.”

அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தருமலிங்கம் அந்தப் போர்வையைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கிடங்குச் சாவியை எடுத்துப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் அவள் பின்னாலேயே ஓடினார்.

தெருவே திரண்டு மூட்டைகளைக் கைமாற்றியது. உடைப்பின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடி மூட்டை மட்டும் நிற்காமல் வழுக்கியது. அடுக்கிக்கொண்டிருந்த யாருக்கும் கை ஒழியவில்லை. தருமலிங்கம் இறங்கி, காலை ஊன்றி, முதுகை அதற்கு முட்டுக்கொடுத்தார்.

“டிராக்டர்ல கல்லு வருது சார்,” என்று மேலேயிருந்து யாரோ சொன்னார்கள். “அதுவரைக்கும் தாங்குமா?”

தெரியாது என்று தலையசைத்தார். பல் கிடுகிடுத்தது. நெல்லுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நனைந்த நெல் ஊதி, மூட்டைகள் மெல்ல இறுகின. சீறிக்கொண்டிருந்த தண்ணீர் கசிவாகக் குறைந்தது.

இருட்டுவதற்குமுன் ஆவுடையப்பனின் கார் வந்தது. குடையோடு கரைமேல் வந்து நின்றவர், மூட்டைகளைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“யாரையும் கேக்கலைங்க.”

“மேல ஏறி வாங்க. பேசணும்.”

“இப்ப வர முடியாதுங்க,” என்றார் தருமலிங்கம். “நான் நகர்ந்தா தண்ணி வந்துடும்.”