முந்தி விளைந்த தினை

ஒரு காட்டுக் குளத்தின் கரையை ஒட்டி மிருகங்கள் வெள்ளாமை செய்து பிழைத்தன. சின்னான் என்ற முயலுக்கு அங்கே ஒரு துண்டு நிலம் இருந்தது. அதற்கு மேற்கே முள்ளம்பன்றி ஒச்சம்மாவின் நிலம். கிழக்கே எருமை மொக்கையனின் நிலம். குளத்தைச் சுற்றி இன்னும் பல பேர் இருந்தார்கள். எல்லோரும் தினைதான் விதைத்தார்கள். மழையை மட்டுமே நம்பிய அந்த மண்ணில் வேறு எதுவும் உறுதியாக வராது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மழை பெய்து முடிந்ததும் மொக்கையன் ஈர மண்ணில் ஒரு காலை அழுத்தி வைப்பான். அந்தக் குளம்புக் குழியில் தேங்கிய தண்ணீர் மறுநாள் காலைவரை வற்றாமல் நின்றால், எல்லோரும் அன்றே விதைப்பார்கள். வற்றினால் எல்லோரும் காத்திருப்பார்கள். ஏன் எல்லோரும் ஒரே நாளில் விதைக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அங்கே பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.

அந்த வருஷம் கோடையிலேயே சின்னானின் தானியக் குதிர் காலியாகத் தொடங்கியது. முந்தைய மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் இறங்கி, அடித் தானியம் பூசணம் பிடித்துவிட்டது. அள்ளிக் கொட்டியது போக மிஞ்சியது கொஞ்சம். ஐப்பசி அறுவடைவரை அது தாங்காது. ஆவணியில் அவன் மனைவி பூவாயிக்குக் குட்டி ஈனும் காலம். அப்போது பால் சுரக்க வேண்டுமானால் அவள் வயிற்றுக்கு ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

"ஒச்சம்மாக்காகிட்ட கொஞ்சம் தானியம் கேட்டா என்ன?" என்றாள் பூவாயி.

"கேக்கலாம். ஆனா போன மாசம் அவங்க 'குதிர் எப்படி இருக்கு தம்பி'ன்னு விசாரிச்சாங்க. 'நிறைஞ்சு மூடி போட முடியல மதினி'ன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மொக்கை மாமா பக்கத்துல நின்னாரு. அவரு அப்பத்தான் தன் வீட்டுப் பெருமையைச் சொல்லி முடிச்சிருந்தாரு. இப்ப எந்த முகத்தோட போய்க் கேக்குறது?"

"இருக்குற முகத்தோடதான்."

சின்னான் எழுந்தான். வெளியே போய் வானத்தைப் பார்த்தான். வைகாசியில் ஒரு கோடை மழை பெய்தது. மண் நனைந்த மறுநாளே அவன் விதைப் பையை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினான்.

மொக்கையன் வரப்பில் வந்து நின்றான். "என்ன மாப்ள, கனவுல ஆடி வந்துடுச்சா?"

"ஊரு விதைக்கட்டும்னு உக்காந்திருக்க நான் என்ன ஆமையா, மாமா? முந்தி விதைச்சா முந்தி அறுக்கலாம்."

"தண்ணிக்கு என்ன செய்வே?"

"குளத்துல இருக்கு. எனக்குக் காலும் இருக்கு."

மொக்கையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மேற்கு வரப்பில் நின்ற ஒச்சம்மா சிரிக்கவில்லை. "உடம்பைப் பாத்துக்க தம்பி" என்று மட்டும் சொன்னாள். அவன் ஊரைக் குறை சொன்னது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொல்லிக் காட்டவில்லை.

சின்னான் சுரைக்குடுவையில் தண்ணீர் சுமந்தான். காலையிலும் சுமந்தான், மாலையிலும் சுமந்தான். தோளில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. பூவாயி அந்த இடத்தில் இலையை அரைத்துத் தடவினாள். இரண்டு பேரும் அரை வயிறு சாப்பிட்டார்கள். தன் பங்கில் கொஞ்சத்தை அவன் அவள் பக்கம் தள்ளுவான். அவன் திரும்பியதும் அவள் அதைத் திருப்பித் தள்ளுவாள். 

தினை நன்றாக வந்தது. ஆடியில் ஊரே விதைத்தபோது சின்னானின் பயிர் இடுப்பளவு நின்றது. ஆவணி பிறந்ததும் கதிர் வாங்கியது. பக்கத்து நிலங்களில் பயிர் அப்போதுதான் முழங்கால் உயரம். வரப்பில் நடந்து போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பாத்தியா?" என்றான் சின்னான்.

"பாத்தேன்" என்றாள் பூவாயி. அவள் வயிறு கனத்திருந்தது. நிற்கக்கூடச் சிரமப்பட்டாள்.

கதிரில் பால் பிடித்த அன்று ஒரு கிளி வந்தது. அவள் பெயர் பேச்சி. ஒரு கதிரைக் கொத்தி, கண்ணை மூடி ருசி பார்த்தாள். "நல்ல விளைச்சல்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பறந்து போனாள்.

மறுநாள் அவள் தன் கூட்டத்தையே அழைத்து வந்தாள். கிளிகளைப் பார்த்து மைனாக்கள் வந்தன. மைனாக்களைப் பார்த்துத் தூக்கணாங்குருவிகள் வந்தன. தினைப் பயிர் முழுக்க இறக்கைகளாகத் தெரிந்தது.

சின்னான் பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டினான். கிழக்கு ஓரத்தில் தட்டினால் பறவைகள் மேற்கு ஓரத்தில் இறங்கின. மேற்கே ஓடினால் கிழக்கே இறங்கின. கடைசியில் மூச்சு வாங்க நின்று பேச்சியைக் கூப்பிட்டான்.

"இது நியாயமா பேச்சி? மத்த வருஷம் என் நிலத்துல நாலு கதிர் கொத்திட்டுப் போயிருவீங்க. இந்த வருஷம் ஏன் இப்படி விழுறீங்க?"

"மத்த வருஷம் கரை முழுக்க ஒண்ணா விளையும்" என்றாள் பேச்சி. "ஒவ்வொரு நிலத்துலயும் நாலு கதிர் எடுத்தாலே எங்களுக்கு வயிறு நிறைஞ்சிடும். உங்களுக்கும் பெருசாத் தெரியாது. இப்ப இந்தக் காட்டுலயே கதிர் நிக்கிறது உன் நிலத்துல மட்டும்தான். நாங்க வேற எங்க போவோம், நீயே சொல்லு."

சின்னான் திரும்பிப் பக்கத்து நிலங்களைப் பார்த்தான். எங்கும் கதிர் இல்லை.

"உன் மேல கோவம் எல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எங்க வீட்டுலயும் குஞ்சுங்க வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி அவள் அடுத்த கதிருக்குத் தாவினாள்.

சத்தம் கேட்டு ஒச்சம்மா வரப்புக்கு வந்தாள். "தம்பி, நான் வந்து ஒரு பக்கம் நிக்கட்டுமா?"

அவன் வாய்வரை வந்தது வேறு. சொன்னது வேறு. "நாலு குருவிதானே மதினி? தின்னுட்டுப் போகட்டும். வீட்டுல இருக்குறதுக்கு இது என்ன கணக்கு?"

"அப்பச் சரி" என்று அவள் திரும்பிப் போனாள். அவளுக்குத் தன் நிலத்தில் களை இருந்தது.

கதிர் முற்றி வருவதற்குள் நிலத்தின் பாதி கதிரில்லாத வெறும் தட்டையாக நின்றது. மீதியைக் காப்பாற்ற பூவாயியும் வயலுக்கு வந்தாள். வேண்டாம் என்றான் அவன். அவள் கேட்கவில்லை. மேற்கு ஓரத்தில் அவளும் கிழக்கு ஓரத்தில் அவனுமாகத் தரையைத் தட்டினார்கள். அன்று ஒரு பறவையாலும் நிம்மதியாகக் கொத்த முடியவில்லை. இந்தப் பாதியாவது வீடு வந்து சேரும் என்று சின்னான் நினைத்தான்.

உச்சி வெயிலில் மேற்குப் பக்கத்துச் சத்தம் நின்றது.

அவன் ஓடிப் போய்ப் பார்த்தபோது பூவாயி வரப்பில் சரிந்து கிடந்தாள். "வலி வந்துடுச்சு" என்றாள். "நீங்க போய்க் கதிரைப் பாருங்க. இறங்குறாங்க பாருங்க."

பறவைகள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. சின்னான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. களை பறித்துக்கொண்டிருந்த ஒச்சம்மாவின் முன்னால் போய் நின்றான்.

"மதினி, பூவாயிக்கு வலி வந்துடுச்சு. வரப்புல கிடக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "வீட்டுல தானியம் இல்ல மதினி. கோடையிலேயே தீர ஆரம்பிச்சுடுச்சு. அதனாலதான் முந்தி விதைச்சேன். ஊரை மட்டமாப் பேசினது எல்லாம் சும்மா."

ஒச்சம்மா களைக்கொட்டைக் கீழே போட்டாள். "இதைச் சொல்ல உனக்கு இத்தனை மாசமா?" என்று கேட்டாள். பதிலுக்கு அவள் நிற்கவில்லை. வரப்பை நோக்கி ஓடினாள். ஓடும்போதே கிழக்கே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ மொக்கை! அந்தத் தினையில போய் நில்லு!"

மொக்கையன் வந்து பயிரின் நடுவில் நின்றான். தலையை ஆட்டினான், வாலைச் சுழற்றினான், கத்தினான். சில குருவிகள் அவன் முதுகிலேயே உட்கார்ந்தன. ஆனாலும் பெரும்பாலானவை எழுந்து மரத்துக்குப் போயின.

"மாமா, நீங்க தின்னுடாதீங்க" என்றான் சின்னான், அந்த நிலையிலும்.

"வாயை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் நிக்கிறேன் மாப்ள. நீ வேற ஞாபகப்படுத்தாதே."

பொழுது சாய்வதற்குள் பூவாயி குட்டிகளை ஈன்றாள். எல்லாம் உயிரோடு இருந்தன. ஒச்சம்மா தன் முட்கள் குத்தாதபடி பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தாயிடம் விட்டாள். பிறகு எழுந்து போய், வால் முட்களைக் கலகலவென்று உலுக்கியபடி நிலத்தைச் சுற்றி வந்தாள். பறவைகளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பேச்சியின் கூட்டம் காட்டுப் பழத்தைத் தேடிப் போய்விட்டது.

மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து மிஞ்சிய கதிரை அறுத்தார்கள். அடித்துத் தூற்றிப் பார்த்தால் ஒரு சிறு குவியல் தேறியது. ஐப்பசிவரை அது காணாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"மிச்சத்துக்கு நான் தர்றேன்" என்றாள் ஒச்சம்மா. "மொக்கை, நீயும் உன் குதிர்ல இருந்து கொஞ்சம் கொண்டு வா."

மொக்கையன் தரையைப் பார்த்தான். காதை ஆட்டினான். "அது வந்து, மதினி... போன மழையில என் குதிரும் பூசணம் பிடிச்சுப்போச்சு. நானும் புல்லைத் தின்னுதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"அன்னைக்குப் பெருமை பேசினீங்களே மாமா?" என்றான் சின்னான்.

"பேசும்போது பூசணம் பிடிச்சுத்தான் இருந்துச்சு."

ஒச்சம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ அவனைப் பாத்துப் பொய் சொன்னே. அவன் உன்னைப் பாத்துப் பொய் சொன்னான். நடுவுல பட்டினி கிடந்தது இந்தப் புள்ளைத்தாச்சி."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒச்சம்மா அன்று கரையைச் சுற்றி ஒவ்வொரு வீட்டிலும் விஷயத்தைச் சொன்னாள். யாருடைய குதிரும் நிறைந்திருக்கவில்லை. ஆனாலும் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கைப்பிடி, ஒரு கொட்டாங்கச்சி, ஒரு சின்ன முறம் என்று சேர்ந்த தானியம் சின்னான் வீட்டுக்கும் மொக்கையன் வீட்டுக்கும் ஐப்பசிவரை தாங்கும் அளவுக்கு வந்தது.

கொண்டு வந்ததைக் குதிரில் கொட்டிவிட்டு ஒச்சம்மா புறப்பட்டாள். வாசலில் நின்று கேட்டாள். "வேற ஏதாவது வேணுமா தம்பி?"

"எல்லாம் இருக்கு மதி..." என்று தொடங்கிய சின்னான் பூவாயியைப் பார்த்தான். ஈரத் தரையில் அவளோடு ஒண்டிக் கிடந்த குட்டிகளையும் பார்த்தான்.

"ஒரு பழைய பாய் இருந்தா குடுங்க மதினி" என்றான். "குட்டிங்களுக்குக் குளிருது."

வீட்டில் இல்லாததை இல்லை என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்வதும் விதைப்பையும் களையெடுப்பையும் போல வெள்ளாமையில் ஒரு வேலைதான், அதைக் காலத்தில் செய்யாதவர் விளைந்ததையும் சேர்த்தே இழப்பார்.