பச்சை நூல்

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தாறு.

குரு இசக்கித்தாய், பாளையங்கோட்டையில் நர்சரி வைத்திருப்பவள். வீட்டுக்குள் செடி வளர்ப்பது எப்படி என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுப்பாள். அந்த வகுப்புக்கு ஒருநாள்கூடத் தவறாதவர் அருமைராஜ். நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதித்து ஓய்ந்தவர்.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மான்ஸ்டெரா என்ற அகன்ற இலைச் செடி வைத்த தொட்டி, அதன் மேல் துண்டு.

"டீச்சர், காரியம் கெட்டுப்போச்சு."

மருமகள் ஜெசிந்தா பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது அவரிடம் ஒப்படைத்த செடி அது. இன்று சாயங்காலம் பிள்ளையோடு திரும்பி வருகிறாள். அவள் வேலைக்குப் போனதும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை. நான் பார்க்கிறேன் என்று அருமைராஜ் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார்.

"ஒரு செடிய உருப்படியா வச்சிருக்கத் தெரியல. பச்சப்பிள்ளைய எப்படி நம்பி எங்கிட்ட தருவா?"

துண்டை எடுத்தார். ஏழு இலைகள் முழுசாக இருந்தன. புதிதாக விரிந்த எட்டாவது இலை ஓரத்திலிருந்து நடுநரம்பு வரைக்கும் இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. பிளவுகளை அவர் பச்சை நூல் போட்டுத் தைத்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தையல் தெரியும், அவ்வளவு நேர்த்தி.

குரு சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சிரிக்காதீங்க டீச்சர். சாயங்காலம் அவ வந்துருவா."

"அண்ணாச்சி, சட்டைக்குக் காஜா எப்ப எடுப்பீங்க?"

"பொத்தான் ஓட்டைய கேக்கீங்களா? சட்டைய முழுசும் தச்சு முடிச்ச பெறவுதான்."

"அரைகுறைச் சட்டைக்கு?"

"அதுக்கு எதுக்குக் காஜா?"

குரு அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். நிழல்வலைக்குக் கீழே ஆள் உயர மான்ஸ்டெரா ஒன்று நின்றது. உச்சியில் ஓர் இலைகூட முழுசாக இல்லை. பக்கத்தில் அதே செடியின் கன்றுகள். அவற்றில் ஓர் இலைகூடப் பிளக்கவில்லை.

அருமைராஜ் கன்றைப் பார்த்தார். பெரிய செடியைப் பார்த்தார். தன் தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப இது கிழியலயா?"

"வளந்துட்டு, அண்ணாச்சி. நல்லாப் பாத்துக்கிட்டாதான் இப்படி விரியும்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து குட்டிக் கத்தரியை எடுத்தார். இலையில் நுனி படாமல் ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை உருவினார். வாய் தானாக ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்தது.

பாட்டு பாதியில் நின்றது. தொழில்காரருக்கு ஒரு சந்தேகம்.

"காஜான்னா பொத்தான் வேணுமே டீச்சர்?"

குரு தொட்டியை வலையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். பிளவு வழியாக வெயில் இறங்கி, அடியில் இருந்த குட்டி இலைமேல் விழுந்தது.

"அந்தா, வெயிலே பொத்தான் போட்டுட்டு."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊசி போன தடத்தை விரலால் தடவினார்.

"இந்த ஓட்டையெல்லாம் மறையாதே. ஜெசிந்தா கேட்டா என்ன சொல்ல?"

"'எலையவா தச்சீங்க, மாமா?'ன்னு கேப்பா. ஆமான்னு சொல்லிட்டு, பிள்ளைய வாங்க ரெண்டு கையையும் நீட்டுங்க."