ஏட்டய்யாவின் இடுப்பு

“இந்த முட்டிக்கு ஒரு வழி சொல்லுங்க டீச்சர்,” என்றார் ஏட்டு ஆவுடையப்பன்.

அவர் வேக நடைப் போட்டிக்காரர். ஊன்றுகிற காலில் முட்டி மடங்கக் கூடாது என்பது அந்தப் போட்டியின் சட்டம். போலீஸ்காரர்களுக்கான போட்டியில் ரெண்டு வருஷமாக அதற்காகவே அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மறுபடி போட்டி. அதோடு அவருக்கு வயசு வரம்பும் முடிகிறது.

ஜெஸிந்தா பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவரைவிடப் பதினைந்து வயசு இளையவள்.

“நடங்க,” என்றாள்.

பள்ளி மைதானத்தில் ஆளே இல்லை. நாலு சுற்று நடந்தார். முட்டி மடங்கவே இல்லை.

“நல்லாத்தான இருக்கு?”

“இங்க மடங்காது டீச்சர். நாலு பேர் பாத்தாத்தான் மடங்குது, சனியன்.”

டீச்சர் சைக்கிளை எடுத்தாள். “வாங்க, பஜாருக்கு.”

“அரை டவுசரோடயா?”

“நாளைக்கு வேட்டியா கட்டப் போறீங்க?”

டீக்கடை வாசலில் நல்ல கூட்டம். ஏட்டு நடக்க ஆரம்பித்ததும் விசில் பறந்தது.

“ஏட்டய்யா, தலையில கரகம் ஒண்ணுதான் குறையுது!” என்றான் மூட்டை தூக்குகிற தங்கப்பழம்.

ஏட்டுக்குக் காது சுட்டது. ஆடிய இடுப்பை இறுக்கிப் பிடித்தார். எட்டு குறுகியது. அடுத்த எட்டில் முட்டி மடங்கியது.

டீச்சர் சைக்கிளை நிறுத்தினாள். “இடுப்பு திரும்ப மாட்டேங்குது. அதோட வேலையையும் முட்டியே பாக்குது, பாவம்.”

“ஆட்டினா சிரிக்கானுவளே டீச்சர். நான் லத்தி பிடிக்கிற ஆளு.”

டீச்சர் தங்கப்பழத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, கோயில் வரைக்கும் ஏட்டய்யா கூட நடந்து வாங்க. ஓடக் கூடாது. பிந்தாம வந்தா இங்க எல்லாருக்கும் என் செலவுல டீ.”

“இவ்வளவுதானா?” தங்கப்பழம் கைலியை மடித்துக் கட்டினான்.

பத்து எட்டு வரை தோளோடு தோள் வந்தான். பிறகு கையை வீசினான். ரேஷன் கடை தாண்டியதும் ஓடவே ஆரம்பித்தான்.

“ஓடாதீங்க அண்ணே!” என்றாள் டீச்சர், மிதித்துக்கொண்டே.

“ஏட்டய்யா… கொஞ்சம் நில்லுங்க…” என்று தங்கப்பழத்தின் குரல் பின்னாலிருந்து வந்தது.

ஏட்டு நிற்கவில்லை. யாரும் பிடித்து வைக்காத இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தானாகத் திரும்பியது. தெரு காலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது.

கோயில் வாசலில் திரும்பிப் பார்த்தார். தங்கப்பழம் தூரத்தில் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“முட்டி மடங்குச்சா டீச்சர்?”

ஜெஸிந்தாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

“எங்க பாத்தேன்? சைக்கிளை மிதிக்கவே சரியாப் போச்சு.”

மறுநாள், கடைசிச் சுற்று. நடுவர் குனிந்து அவர் காலையே பார்த்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். வெளியே அனுப்புகிற அட்டையை எடுக்கவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த போலீஸ் கூட்டத்திலிருந்து யாரோ நீளமாக விசிலடித்தார்கள்.

ஆவுடையப்பன் இடுப்பை இன்னும் கொஞ்சம் ஆட்டினார்.