ஒரு காது பாக்கி

பொட்டலூரில் மழை பெய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊர்க்கிணற்றில் இருந்த தவளைகூட பிழைப்பைத் தேடி வெளியேறிவிட்டது. அதைப் பார்த்த பிறகும் நாலு பேர் மட்டும் அந்த ஊரை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அவர்கள் புத்தி எப்பேர்ப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு பேரில் ஒச்சப்பன் மூத்தவன். யோசிப்பது அவன் பொறுப்பு. பூச்சியப்பனும் மொக்கராசுவும் அதற்குத் தலையாட்டுவார்கள். நாலாவது ஆள் தவிட்டான். அவனுக்கு ஒச்சப்பன் யோசித்தது சில சமயம் புரியும், அப்போது இன்னும் பலமாகத் தலையாட்டுவான்.

தவிட்டானின் தங்கை ராக்கம்மாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்சீமையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அது வேறு ராஜாவின் நாடு. அங்கே மழைக்குக் குறைவில்லை. ஒருநாள் பருத்தி வியாபாரி ஒருவர் அவளிடமிருந்து சேதி கொண்டுவந்தார்.

“வர்ற பௌர்ணமிக்கு உன் மருமக சிட்டுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீ வந்து மடியில வச்சாத்தான் ஆச்சு. இங்க கடலை பிடுங்க ஆளில்லாம கெடக்கு. கூட்டாளிங்களையும் கூட்டிக்கிட்டு வந்து இங்கேயே இருந்திடு. ஆனா சாவடியில சீட்டு வாங்கிட்டு வாண்ணே. திருட்டுத்தனமா ஆத்துக்குள்ள எறங்கி வந்திடாதே.”

தவிட்டான் தன் காதைத் தடவிக்கொண்டான். அதற்குக் காரணம் உண்டு. நாற்பது வயதாகியும் அவன் காதில் துளை கிடையாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் காதுகுத்துக்கு வரவேண்டிய தாய்மாமன் வரவில்லை. வருவார் வருவார் என்று பார்த்ததில் ஆட்டுக்கறிக் குழம்பும் தீர்ந்தது, வந்த சனமும் கலைந்தது. அவர் எந்த நாட்டுக்குப் போனார் என்றுகூட இன்றுவரை தெரியாது.

“என் மருமக என்னை மாதிரி மூளிக்காதோட நிக்கக்கூடாது. பௌர்ணமிக்கு நான் அங்க இருக்கணும்” என்றான்.

பௌர்ணமிக்குப் பத்து நாள் இருந்தது. ஆறு என்று பேர்தானே தவிர, அதில் இருந்தது மணல்தான். ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். பாலத்தின் தலைப்பில் தென்சீமை ராஜாவின் சாவடி. பாலத்தில் ஏற வேண்டுமானால் சீட்டு வேண்டும். பாலத்துக்கு அடியில் மணலில் நடக்க ஒன்றும் வேண்டாம், காவல்காரர் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

“சீட்டு வாங்கிப் போனா என்ன நல்லது, என்ன கெட்டது, திருட்டுத்தனமா போனா என்ன நல்லது, என்ன கெட்டது. இதைப் பேசி முடிக்காம ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது” என்றான் ஒச்சப்பன். நால்வரும் எடுத்து வைத்திருந்த காலையும் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

“சீட்டு இருந்தா ஓட வேண்டாம். காவல்காரரைப் பார்த்தா நின்னு ஒரு கும்பிடு போடலாம்” என்றான் மொக்கராசு.

“நல்லது. கெட்டது என்ன?”

“வரிசையில நிக்கணும்.”

“திருட்டு வழியில வரிசையே கெடையாது. நாம பாட்டுக்குப் போகலாம். யாரும் நம்மளை ஒண்ணும் கேட்க மாட்டாங்க” என்றான் ஒச்சப்பன்.

பூச்சியப்பன் முகம் விழுந்துபோயிற்று. “ஒண்ணுமே கேட்க மாட்டாங்களாண்ணே? சாப்பிட்டியான்னுகூடவா?”

ஒச்சப்பன் வெகுநேரம் யோசித்தான். “கேட்க மாட்டாங்க. அதுல இருக்கிற கெட்டது அதுதான்.”

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வியாபாரி பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். “அட, சீட்டில்லாதவனுக்கு அங்க பாதிக் கூலிதான் குடுப்பாங்க. மீதியைக் கேட்டா காவல்காரரைக் கூப்பிடுவேன்னு மெரட்டுவாங்க.”

“பாதிக் கூலின்னா தூக்கிட்டு வர்ற சுமையும் பாதிதானே?” என்றான் மொக்கராசு. வியாபாரி கஞ்சியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கடைசியில் ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னான். “ரெண்டுலயும் நல்லது இருக்கு. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கைவிட்டுப் போயிடும். அதனால சீட்டையும் வாங்குவோம், திருட்டுத்தனமாவும் போவோம்.”

இப்படி ஒரு மூளை இந்த வறண்ட ஊரில் வந்து பிறந்ததே என்று தவிட்டானுக்குக் கண் கலங்கியது.

சாவடியில் நல்ல கூட்டம். “வரிசையில நிக்கிறவன் நின்ன எடத்தை விட்டு நகரக்கூடாது!” என்று காவல்காரர் அதட்டினார். நால்வரும் நகரவில்லை. முன்னால் நின்றவர்கள் சீட்டு வாங்கிப் போனார்கள், பின்னால் நின்றவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சீட்டு வாங்கினார்கள், நால்வர் மட்டும் நட்ட கல்லாக நின்றார்கள். பௌர்ணமி நெருங்க நெருங்கத் தவிட்டான் விரல்விட்டு நாள் எண்ணினான். ஆனாலும் சட்டம் சட்டம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஆறு நாள் கழித்து, “இதுங்களை யாரு நட்டு வச்சது?” என்று காவல்காரரே நாலு பேரையும் நெட்டித் தள்ளிக்கொண்டுபோய்க் கணக்கர் முன்னால் நிறுத்தினார்.

கணக்கர் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, ஆளைப் பார்த்து அங்க அடையாளம் எழுதுகிற மனிதர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார். ஒச்சப்பன் அந்த நேரம் பார்த்துக் கோழி இறகால் காது குடைந்துகொண்டிருந்தான். ‘வலது காதில் கோழி இறகு’ என்று எழுதினார். பூச்சியப்பன் காலில் முள் ஏறியிருந்தது. ‘அழுத கண்’ என்று எழுதினார். பின்னால் நின்ற ஒருவர் கொஞ்ச நேரம் பிடி என்று கொடுத்ததை மொக்கராசு சுமந்துகொண்டிருந்தான். ‘தோளில் ஆட்டுக்குட்டி’ என்று எழுதினார். கணக்கரின் பொடி காற்றில் பறந்து தவிட்டான் மூக்கில் ஏறியிருந்தது. ‘ஓயாத தும்மல். காதில் துளை இல்லை’ என்று எழுதினார்.

சீட்டை நீட்டும்போது வழக்கம்போல எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னார். “இதுல எப்படி எழுதியிருக்கோ அப்படியே இருக்கணும். ஒரு புள்ளி மாறினாலும் அது நீ இல்லை.”

அவர் சொன்னது ஊசி குத்தியதுபோல் நால்வர் மனசிலும் இறங்கியது. ஆட்டுக்காரரிடம் ஒரு பித்தளைச் சொம்பைக் கொடுத்துவிட்டு மொக்கராசு குட்டியைத் தன்னோடு வைத்துக்கொண்டான். ஒச்சப்பன் இறகைக் காதிலிருந்து எடுக்கவில்லை, தூங்கும்போதுகூட. பூச்சியப்பன் மடியில் சின்ன வெங்காயம் கட்டிக்கொண்டான். தவிட்டான் கணக்கரிடம் கெஞ்சி ஒரு மட்டை மூக்குப்பொடி வாங்கி இடுப்பில் செருகினான்.

மறுநாள் உச்சிவெயிலில் சீட்டைத் தலைப்பாகையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, பாலத்தை விட்டுவிட்டு, அதற்கு அடியில் பதுங்கிப் பதுங்கிப் போனார்கள். தும்மலும் அழுகையும் ஆட்டுக்குட்டியின் சத்தமுமாக ஒரு கூட்டம் எவ்வளவு பதுங்க முடியுமோ அவ்வளவு பதுங்கினார்கள்.

“ஏய்! யாருடா அது? சீட்டு இருக்கா?” என்று மேலிருந்து காவல்காரர் கத்தினார்.

“இருக்கு சாமி!”

“அப்புறம் ஏண்டா கீழே போறீங்க?”

“சீட்டு இருக்கிற தைரியத்துலதான் சாமி திருட்டுத்தனமா போறோம்!”

காவல்காரர் கம்போடு இறங்கி வந்தார். திருட்டு வழியில் காவல்காரரைக் கண்டால் ஓட வேண்டும், அதனால் ஓடினார்கள். சீட்டு இருந்தால் நின்று கும்பிட வேண்டும், அதனால் நின்று கும்பிட்டார்கள். அவர் கிட்டே வந்ததும் மறுபடியும் ஓடினார்கள். இப்படி ஓடியும் கும்பிட்டும் அக்கரை வந்து சேர்ந்தபோது காவல்காரருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நால்வரும் அவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விசிறிவிட்டார்கள்.

“யாருக்குடா காது குத்துறீங்க?” என்று அவர் இரைத்தார்.

“என் தங்கச்சி மகளுக்குங்க” என்றான் தவிட்டான். “சாமியும் வந்து நாலு வாய் சாப்பிட்டுட்டுப் போகணும்.”

காவல்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இறகு, அழுகை, ஆட்டுக்குட்டி, தும்மல் எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பூச்சியப்பனைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். அந்த நாட்டை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று என்று பூச்சியப்பன் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

பௌர்ணமியன்று காலையில் ராக்கம்மா வீட்டு வாசலில் பந்தல். அண்ணனைக் கண்டதும் அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தவிட்டானும் அழப் பார்த்தான். அது பூச்சியப்பனின் அடையாளம் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டு தும்மினான்.

மணையில் உட்கார்ந்து சிட்டுவை மடியில் வைத்தான். அப்போது அவனுக்கு வந்த சந்தோஷத்தை எழுதி மாளாது. முப்பத்தைந்து வருஷமாக யாருமில்லாமல் கிடந்த தாய்மாமன் மணையில் தானே வந்து உட்கார்ந்ததுபோல அவனுக்கு இருந்தது.

“தும்மலைக் கொஞ்சம் நிறுத்துங்க. கை தவறிடும்” என்றார் ஊசியோடு வந்த ஆசாரி.

“அதெப்படி?” என்று ஒச்சப்பன் குறுக்கே விழுந்தான். “தும்மாட்டி அது தவிட்டான் இல்லை. தாய்மாமன் இல்லாம புள்ளைக்குக் காது குத்துவீங்களா?”

ஆசாரி இரண்டு தும்மலுக்கு நடுவே குறி பார்த்து முதல் காதைக் குத்திவிட்டார். குழந்தை வீல் என்று கத்தியது. இரண்டாவது காதுக்கு ஊசியைக் கொண்டுபோனார். தவிட்டான் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. தூணே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல். குழந்தை குனிய, மாமன் தலை முன்னால் வர, ஊசி தவிட்டானின் காதுமடலில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்துவிட்டது.

தவிட்டான் காதைத் தடவிப் பார்த்தான். ராக்கம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். ஒச்சப்பன் மட்டும் தவிட்டான் தலைப்பாகையிலிருந்த சீட்டை எடுத்து விரித்தான்.

“காதில் துளை இல்லை” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். “இந்த ஆளுக்குத் துளை இருக்கு. இது தவிட்டான் இல்லை.”

“எனக்கும் அப்பவே சந்தேகமா இருந்துச்சு. என்னமோ மாதிரி இருக்கு” என்றான் தவிட்டான்.

“அண்ணே! நீதாண்ணே என் அண்ணன்!” என்று ராக்கம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீ பாசத்துல சொல்றே தாயி. சீட்டு பாசம் பார்க்காது” என்றான் ஒச்சப்பன்.

“அப்போ என் புள்ளைக்கு மத்தக் காது?”

“அதுக்கு அவன் வந்தாகணும். ஊரான் மடியில வச்சு ஒரு காதைக் குத்தினதே போதும்” என்று தவிட்டான் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். “பொழுது சாயறதுக்குள்ள வந்த வழியே போய்த் தேடிக் கூட்டிட்டு வந்திடுறோம். இலையை எடுத்திடாதீங்க.”

ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

பாலத்தில் ஏற மூன்று பேரிடம் சீட்டு இருந்தது. தவிட்டானின் சீட்டு தவிட்டானுடையது, அவனைக் கண்டால் கொடுக்க வேண்டும் என்று ஒச்சப்பன் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். காதில் துளை உள்ள ஆளுக்குச் சீட்டு ஏது? அவன் பாலத்துக்கு அடியில் மணலில் இறங்கிப் பதுங்கிப் பதுங்கி நடந்தான். மூவரும் மேலே காவல்காரருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நடந்தார்கள். பூச்சியப்பனுக்கு அன்றைக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

பாதிப் பாலத்தில் ஒச்சப்பன் கைப்பிடிச் சுவரில் குனிந்து குரல் கொடுத்தான். “கீழே எங்கேயாவது தவிட்டான் தட்டுப்படுறானா?”

கீழே இருந்தவன் கண்ணுக்கு மேல் கையை வைத்து மணல் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தான்.

“காணோம்ணே! மேலே வந்தா சொல்லுங்க, ஒரு காது பாக்கி இருக்குன்னு!” என்று கத்திவிட்டு, ஆற்றாமை தாங்காமல் மணலை ஓர் உதை உதைத்தான். “தாய்மாமனாம் தாய்மாமன்! காதுகுத்து அன்னைக்குப் போயி எங்க தொலைஞ்சானோ, படுபாவி!”