நடந்து வந்தால் அரிசி இல்லை

வெகு காலம் முன்னே ஆம்பல்நாட்டைத் திருவளவன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் வேறொன்று சொல்வான்.

நல்ல வைத்தியர்கள் வந்ததிலிருந்து அங்கே ஜனங்கள் எண்பது வயசு வரை இருந்தார்கள். உயிர் இருந்தது, கால்தான் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கே அனுப்பலாம் என்று அமைச்சர் நன்மாறன் ஏற்பாடு செய்திருந்தார். கேட்பவர்கள் தொகை வருஷா வருஷம் கூடியது.

நன்மாறனுக்கு வந்த நல்ல பெயர் பண்டசாலை அதிகாரி வீரகேதுவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்கவங்களே அரண்மனைக்கு வந்து வாங்கட்டும் மகாராஜா," என்றான். ராஜாவும் தலையாட்டினான்.

ஒருநாள் மரகதவல்லி என்ற நெசவுக்காரி சபைக்கு வந்தாள். "மாமனாருக்கு ரெண்டு காலும் விழுந்துடுச்சுங்க. அரிசி வந்தப்ப பக்கத்து வீட்டம்மாவுக்குப் பாதி கொடுத்து அவரைப் பாத்துக்கச் சொல்லிட்டு, நான் தறியில உக்காருவேன். இப்ப தறி நிக்குது."

"அவரே வரணும்," என்றான் வீரகேது.

"வந்தா?"

"நடக்க முடியுதுன்னு அர்த்தம். அரிசி இல்லை."

"வராட்டி?"

"தேவையில்லைன்னு அர்த்தம். போன வருஷம் முந்நூறு பேர். இந்த வருஷம் ஒருத்தர்கூட இல்லை, மகாராஜா."

நன்மாறன் எழுந்து பல்லக்குக் கொட்டகைப் பக்கம் போனார்.

மறுநாள் ராஜா கோயிலுக்குக் கிளம்பினான். அவனுக்கும் அறுபது தாண்டி, முழங்கால் வீங்கியிருந்தது. பல்லக்கு வரவில்லை. பல்லக்குக் கேட்பவர் கொட்டகைக்கு நேரில் வரவேண்டுமாம், அமைச்சர் உத்தரவு. சுவரைப் பிடித்துப் பிடித்து, வியர்க்க வியர்க்கப் போய்ச் சேர்ந்தான்.

பல்லக்குத் தூக்கி கும்பிட்டான். "நடந்தே வந்துட்டீங்களே மகாராஜா. அப்புறம் பல்லக்கு எதுக்கு?"

ராஜா கோபத்தோடு நன்மாறனைக் கூப்பிட்டனுப்பினான்.

"விதி வீரகேதுவோடது மகாராஜா. நான் இடத்தை மட்டும்தான் மாத்தினேன்," என்றார் நன்மாறன். "அரிசி மிச்சமாச்சு. ஆனா படுத்திருக்கிறவங்களைத் தூக்கி உக்கார வைக்க ஆள் வேணும்னு ஊர்ல பாதித் தறி நிக்குது. துணிவரி எங்கிருந்து வரும்?"

ராஜா முழங்காலைத் தடவிக்கொண்டான். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி நன்மாறன் கழுத்தில் போட்டான். வீரகேதுவைப் பார்த்து, "இனி அரிசியை நீயே வீடு வீடாத் தூக்கிட்டுப் போய்க் கொடு," என்றான்.

முதல் மூட்டை மரகதவல்லி வீட்டுக்கு. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தவனைக் கட்டிலில் கிடந்த கிழவர் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் சுமந்துக்கிட்டா வந்தீங்க? எழுந்து இடம் கொடுக்கத்தான் முடியலை தம்பி. இப்படி ஓரமா உக்காருங்க."

வீரகேது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு மத்தியானமே அந்த வீட்டுத் தறி ஓடியது.