வெள்ளைக்கண்ணு நிறுத்திய போர்

வெள்ளைக்கண்ணு வாயைத் திறந்தால் பனையூரணியில் கோழிகூட முட்டை இடுவதை ஒத்திவைத்துவிட்டுக் கேட்கும் என்பார்கள். அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்த ஒரே ஆள் தவமணிதான்.

தவமணி பனையூரணியில் பிறந்தவள், சிறுகேணியில் வாக்கப்பட்டவள். இரண்டு ஊருக்கும் பல தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. ஒரு ஊருக்குச் சிக்கல் என்றால் மறு ஊர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். இது எங்கேயும் எழுதி வைக்காத ஒப்பந்தம். அதை நம்பித்தான் காலைப் பேருந்தில் ஏறி வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மறுநாள் சிறுகேணிக் கண்மாயில் மீன்பிடி. கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்குப் பிறகு எந்த ஊர்க்காரரும் இறங்கிப் பிடிக்கலாம். துண்டு வீசும்வரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. இந்த வருஷம் மேலக்கோட்டூரும் நடுவக்காடும் கூட்டுச் சேர்ந்துகொண்டு, துண்டாவது துணியாவது, விடிந்ததும் வலையோடு இறங்கப்போகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டன. இரண்டும் பெரிய ஊர்கள். சிறுகேணியில் இருப்பதோ அறுபது வீடு. ஒரு வருஷம் துண்டுக்கு மரியாதை போனால் அடுத்த வருஷம் கண்மாயே யாருடையது என்று கேட்பார்கள்.

புகுந்த ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது தவமணிதான் எழுந்து, என் பிறந்த ஊர் வந்து கரையில் நிற்கும் என்று சொன்னாள். அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். கரை நிறைய ஆள் தெரிந்தாலே அவர்கள் துண்டுக்குக் காத்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு. இப்போது பனையூரணி வராவிட்டால் அவள் சிறுகேணியில் தலை நிமிர்ந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியாது.

பனையூரணிச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தலைமையில் உட்கார்ந்திருந்த அம்பலக்காரர் முத்தழகு முழுதாகக் கேட்டார். மற்றவர்களும் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஆளுக்கொரு திசையாகப் பார்த்தார்கள். ஒருவருக்கு மிளகாய் பழம் எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் போன தையில்தான் மகளை நடுவக்காட்டில் கொடுத்திருந்தார். இன்னொருவருக்கு இடுப்புப் பிடிப்பு, அதுவும் இந்த நிமிஷம்தான் பிடித்தது.

அப்போதுதான் வெள்ளைக்கண்ணு தொண்டையைச் செருமினார். அவர் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். எந்த நாடு என்று கேட்டால் ராணுவ ரகசியம் என்பார்.

"ரெண்டு ஊருக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? நான் ரெண்டு நாட்டையே நிறுத்தி வச்சவன்யா."

தவமணிக்குத் திக்கென்றது. மதியப் பேருந்தை விட்டால் அவளுக்குச் சாயங்காலம்தான் வண்டி. ஆனால் கூட்டம் ஏற்கெனவே அவர் பக்கம் திரும்பிவிட்டது. பதில் சொல்வதிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி ஏது?

அவர் இருந்த நாடு ரொம்பச் சின்னது. ஒரு முனையில் தும்மினால் மறு முனையில் நூறு வயசு என்பார்களாம். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு முரட்டு நாடுகள். எல்லையில் பீரங்கியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். உதவிக்கு வருவதாகச் சொன்ன நட்பு நாட்டுக் கப்பல் நடுக்கடலில் பஞ்சராகி நின்றுவிட்டது.

"கப்பலு பஞ்சரா?" என்றார் தையல்காரர் நல்லாண்டி. வெள்ளைக்கண்ணு பேசும் இடத்திலெல்லாம் எதிரே உட்காருவது அவர் வழக்கம்.

"கடல்ல எத்தனை முள்ளு மீன் இருக்கு, மாப்ள. மிதிச்சா ஏறாதா?" என்று அவரை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார். ராஜா இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்கண்ணு, உன்னை விட்டால் எனக்கு நாதியில்லை என்றாராம்.

முதலில் விமானங்கள் வந்தன. இவர் நேரே ராணுவச் சமையல்கட்டுக்குப் போய், பிசைந்து வைத்திருந்த பரோட்டா மாவு முழுவதையும் ஒரே உருண்டையாக்கி வீசத் தொடங்கினார். வீச வீச மாவு விரிந்தது. அடுப்படி போதாமல் தெருவுக்கு வந்தார், தெரு போதாமல் மைதானத்துக்குப் போனார். கடைசி வீச்சில் அது ஊருக்கு மேலே பந்தல் மாதிரி விரிந்து நின்றுவிட்டது. மேலேயிருந்து பார்த்த விமானிகளுக்கு நாடே தெரியவில்லை. வழி தப்பிவிட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். மதிய வெயிலில் பரோட்டா வெந்து கீழே இறங்கியது. படைக்கே அன்றைக்குச் சாப்பாடு அதுதான்.

"சால்னா?" என்றார் நல்லாண்டி.

"லாரி எதுக்கு இருக்கு? அன்னிக்கு அதுல தண்ணியா ஏத்துனேன்?"

இடுப்புப் பிடிப்புக்காரர் நன்றாகக் கேட்கவேண்டும் என்று இரண்டு வரிசை தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்தார். தவமணி அதைக் கவனித்தாள்.

விமானம் பலிக்காததால் எதிரிகள் ஏவுகணையை விட்டார்கள். அது சீறிக்கொண்டு வந்தபோது வெள்ளைக்கண்ணு குளித்துவிட்டு ஈரக் கைலியோடு நின்றுகொண்டிருந்தார். கைலியை விரித்து ஏந்தினார், விழுந்தது. உடுத்த வேறு கைலி இருந்ததா என்று நல்லாண்டி கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. சூடாக இருந்தது, பாவம், அதுவும் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது. தண்ணீர் ஊற்றி ஆற்றி, முதுகில் தட்டிக்கொடுத்து, முகத்தை வந்த திசைக்குத் திருப்பி, வீட்டுக்குப் போ என்றார். வாலை ஆட்டிக்கொண்டு போனது. விட்டவன் வாசலிலேயே போய் உட்கார்ந்துகொண்டு அவனை வெளியே வரவிடவில்லையாம்.

கடைசியாக வந்தது நீர்மூழ்கிக் கப்பல். அதற்கு அவர் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த ஊத்தாவை எடுத்தார். மூங்கில் கூடைதான், அடி அகலம், மேலே கை விட ஒரு வாய். சேற்றில் அமுக்கி மீனைத் துழாவிப் பிடிக்கிற அதே ஊத்தா.

"ஊத்தா முழங்கால் தண்ணியிலதான் நிக்கும். கடலு ஆழத்துக்கு என்ன பண்ணுன?" என்றார் நல்லாண்டி.

"அதான் சொன்னேன்ல, லாரி இருந்துச்சுன்னு. பைப்பைப் போட்டு உறிஞ்சினேன். கடலு முழங்கால் அளவுக்கு வந்துச்சு. ஊத்தாவை அமுக்கி உள்ள கையை விட்டேன். விறால் மாதிரி வழுக்குச்சு. செவுளப் பிடிச்சுத் தூக்கிக் கரையில போட்டேன். சாயங்காலம் கடலைத் திருப்பி ஊத்திட்டேன். அடுத்தவன் சொத்து நமக்கு எதுக்கு?"

அன்றிலிருந்து அந்த இரண்டு நாடுகளும் எந்த வம்பு செய்வதாக இருந்தாலும், வெள்ளைக்கண்ணு லீவில் ஊருக்குப் போயிருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் செய்யுமாம்.

கூடம் குலுங்கியது. தவமணி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அவர் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, அப்ப மத்தவங்க யாரும் வேணாம். அவங்க வேலையப் பாக்கட்டும். நீங்க ஒருத்தர் மட்டும் நாளைக்கு வாங்க. போதும்."

சொன்னபோது அவள் குரலில் துளி கேலி இல்லை. அதனாலேயே வெள்ளைக்கண்ணு வியர்த்துப் போனார். நாளைக்கு நாள் நன்றாக இல்லை என்றார். தன்னைக் கேட்காமல் வேறு சண்டைக்குப் போகக் கூடாதென்று ராஜா கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்றார். அம்பலக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, ஊர் சார்பாக வெள்ளைக்கண்ணு போவான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இதைப் பாக்காம செத்தா என் கட்டை வேகாது. நானும் வர்றேன்" என்றார் நல்லாண்டி.

அவ்வளவுதான். மிளகாய் இன்னொரு நாள் செடியில் கிடக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். மகளைக் கொடுத்தவருக்கு அந்தப் பக்கம் போனால் மகளையும் பார்க்கலாமே என்று தோன்றியது. இடுப்பு பிடித்தவர் டிராக்டரில் முன் இடம் கேட்டார்.

ஆனால் சிரித்துவிட்டுச் சொன்ன பேச்சை நம்பி எதைச் சொல்வது? சாயங்கால வண்டியில் ஊர் திரும்பியவளிடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சிறுகேணிப் பெரியவர் கேட்டபோது, ஒரு ஆள் உறுதி என்றாள் தவமணி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

விடிந்தபோது எதிர்க்கரை முழுக்க வலையும் ஆளுமாக நின்றது. சிறுகேணிக்காரர்கள் இந்தக் கரையில் கொஞ்சம்போல நின்றார்கள். தவமணி கண்மாயைப் பார்க்கவில்லை, வண்டிப்பாதையையே பார்த்தாள். எதிர்க்கரையில் சிலர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டத் தொடங்கிய நேரத்தில் பாதையில் புழுதி கிளம்பியது.

பனையூரணி முழுக்க வந்துவிட்டது. டிராக்டரில் வந்தார்கள், குட்டியானை வண்டியில் வந்தார்கள், கட்டுச்சோற்றோடும் கைப்பிள்ளையோடும் வந்தார்கள். வந்தவர்கள் சண்டைக்கு வந்த மாதிரியே இல்லை. நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிறகு வெள்ளைக்கண்ணைத் தள்ளி முன்னால் கொண்டுவந்து தண்ணீர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவரையே பார்த்தார்கள்.

அவருக்கு வியர்த்து ஊற்றியது. வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். ஆரம்பிக்கப்போகிறார் என்று கரை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது.

எதிர்க்கரை இரண்டடி பின்னால் போனது.

அவர் கையை இறக்கினார், கரை பின்னால் சாய்ந்தது. மறுபடி வியர்த்தது, மறுபடி தூக்கினார். தார்ப்பாய்ச்சியவர்கள் வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறி, பெரியவர் வழக்கமான இடத்தில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால்கூடத் தண்ணீரில் படவில்லை. துண்டு பறந்தது. எல்லா ஊரும் ஒன்றாக இறங்கியது.

மத்தியானம் மேலக்கோட்டூர்த் தலைவர் சேறு சொட்டச் சொட்டத் தவமணியிடம் வந்தார். தூரத்தில் வெள்ளைக்கண்ணு ஒரு கூட்டத்தைச் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு ஊரையும் சுண்டுவிரலால் நிறுத்திய கதை அதற்குள் தயாராகியிருந்தது. சுண்டுவிரலை முழுதாக நீட்டியிருந்தால் கண்மாயே நகர்ந்திருக்குமாம்.

"ஏந்தாயி, உங்க ஊரு சனம் மொத்தமும் எதுக்கு வந்துச்சு? உண்மையச் சொல்லு" என்றார் தலைவர்.

தவமணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அந்த அண்ணன் ஒத்தை ஆளா உங்களை எப்படி நிறுத்துறாருன்னு வேடிக்கை பாக்க வந்தாங்க. அவரைத் தவிர ஒருத்தர்கூட உதவிக்கு வரலை" என்றாள்.

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தாளு சொன்னதக்கூட நம்பிருவேன் தாயி. நீ புளுகுறதுக்கு ஒரு அளவு வேணாம்?"